டிராகன் கதையில் ஒன்பது ஓட்டைகள்

அந்த கேமைச் செய்தவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் எழுதிய டிராகன் கதையில் ஒன்பது ஓட்டைகள் இருப்பதாக ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனி பஸ்ஸிலேயே பேச்சு அடிபட்டது. ஒன்பதையும் போட்டவள் நான். முகம் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், கேட்டுவிட்டேன். அப்பாவிடம் கேட்க வேண்டியதுதான் இன்னும் பாக்கி.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர். வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். லைனில் வருகிற உருப்படிகளை அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்து, தேறாததற்குச் சிவப்பு அட்டை கட்டுவது அவர் வேலை. ஐ.டி.ஐ. வரை தமிழில் படித்தவர். கம்பெனியில் காதில் விழுகிற ஆங்கிலச் சொற்களையெல்லாம் தாராளமாகப் பேசுவார், ஆனால் ஒரு வரி வாசிக்கச் சொன்னால் கண்ணாடியைத் தேடுவதுபோலத் தேடிக்கொண்டே நழுவிவிடுவார்.

அதனால்தான் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டார். எங்கள் வகுப்பில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் பெஞ்சுக்கு பெஞ்சு மாறும். இங்கிலீஷ் மட்டும் யாரும் பேச மாட்டோம். டீச்சர் போர்டில் எழுதிப்போட்ட பதிலை மனப்பாடம் செய்து, கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்ததும் பரீட்சைத் தாளில் கொட்டிவிட்டு வருவேன். எண்பத்தெட்டு மார்க் வரும். முன்பின் பார்க்காத ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அர்த்தம் கேட்டால் முழிப்பேன். இந்த ரகசியம் எனக்கும் என் தோழிகளுக்கும் தெரியும். எல்லோரும் அதே கேஸ் என்பதால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

என் படிப்புக்கென்று அப்பா பெங்களூரிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். நான் அதில் டிராகன் கேம் போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கிடைத்த நகல் சி.டி. மூன்று பாகம் கொண்ட கதையில் அது முதல் பாகம். சி.டி.யில் இடம் போதவில்லை என்று குரல்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அம்மா டிராகனும் குட்டி டிராகனும் வாயை மட்டும் திறந்து மூடும். அவை என்ன பேசுகின்றன என்பது கீழே ஒரு கட்டத்தில் எழுத்தாக வந்து, படித்து முடிப்பதற்குள் போய்விடும்.

ஒருநாள் சாயங்காலம், படிக்கிறேனா என்று பார்க்க வந்த அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திரையில் குட்டி டிராகன் அம்மாவின் வாலைப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்துகொண்டிருந்தது. அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொல்லுதா பாப்பா அவ?" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. முதல் ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்து, சாப்பிட்டு, நான் ஸ்கூலிலிருந்து வரும்வரை காத்திருப்பார். கரண்ட் இருந்தால் இருவரும் உட்காருவோம். நான் விளையாடுவேன், அவர் கதை கேட்பார். விடிவதற்கு முன்பே எழுந்து வேலைக்குப் போய் வந்தவர், ஒருநாள்கூட கண் அசந்ததில்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

முதல் பொய் பனிமலையில் வந்தது. அம்மா டிராகன் மலையடிவாரத்தில் குட்டியை நிறுத்தி நெடுநேரம் என்னவோ பேசியது. அதெல்லாம் ராஜா காலத்து இங்கிலீஷ். தூக்கம், மலை என்ற இரண்டு சொற்கள்தாம் எனக்குச் சிக்கின. பிறகு அது படுத்தது, மேலே பனி மூடியது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்த அவர் நண்பரிடம், "எம்பொண்ணு இங்கிலீஷ் பேப்பரே படிச்சிருவா" என்று சொல்லியிருந்தார். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"அம்மா டிராகன் செத்துப்போச்சுப்பா" என்றேன்.

அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏ, இந்தா பாரு, அந்தப் பிள்ளையோட அம்மா செத்துட்டாளாம்" என்றார்.

"ஐயையோ, யாரு? மாடி வீட்டுலயா?" என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

இரண்டாம் பாகம் வாங்கிய முதல் வாரத்திலேயே வினை வந்தது. பனியை உடைத்துக்கொண்டு அம்மா டிராகன் எழுந்து நடந்து வந்தது. செத்துப்போனதற்கான ஒரு அசதிகூட அதன் முகத்தில் இல்லை.

அப்பா ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "செத்துப்போனவ எப்பிடி பாப்பா வாரா? நீதான சொன்ன?"

என் நாக்கு முந்திக்கொண்டது. "கதை எழுதினவன் மறந்துட்டான்பா. கதையில ஓட்டை."

சொல்லி முடித்ததும் ஒரு நிம்மதி வந்ததே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எனக்குப் புரியாதது அவர்கள் தப்பாகிவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பாலத்தைக் காவல் காக்கிறவனை முதல் பாகத்தில் எதிரி என்று சொல்லியிருந்தேன். பார்க்க அப்படித்தான் இருந்தான், தடி வைத்திருந்தான். இரண்டாம் பாகத்தில் அவன் குட்டிக்கு மீன் சுட்டுப்போட்டான். "நேத்துவரைக்கும் கொல்ல வந்தவன் இன்னைக்குச் சோறு போடுதானே?" என்றார் அப்பா. திருந்திவிட்டான் என்றேன். "ஒரு நாள்ல யாரு திருந்துதா? எங்க சூப்பர்வைசர் பதினோரு வருசமா திருந்தல" என்றார். அப்படியானால் அதுவும் ஓட்டைதான் என்று ஒப்புக்கொண்டேன். ஏழு முட்டை என்று நான் சொன்னதில் ஐந்து குஞ்சுதான் வந்தது, ஓட்டை. வற்றிப்போனது என்று நான் சொன்ன ஏரியில் படகு போனது, ஓட்டை.

அப்பாவுக்கு இதில் தனி உற்சாகம் பிறந்தது. தப்புக் கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில். அவர்கள் கம்பெனியில் 'வொய்-வொய்' என்று ஒரு முறை உண்டு. ஒரு உருப்படி தப்பாக வந்தால் ஏன் என்று கேட்டு முதல் கட்டத்தில் பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு மறுபடி ஏன். இப்படி ஐந்து தடவை கேட்டால் ஐந்தாவது கட்டத்தில் மூல காரணம் வந்து நிற்கும். அப்பா ஒரு பெரிய தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, டிராகன் கதைக்கு வொய்-வொய் எழுத ஆரம்பித்தார்.

செத்த அம்மா எப்படி வந்தாள்? எழுதியவர் மறந்துவிட்டார். ஏன் மறந்தார்? முதல் பாகம் எழுதியவர் வேறு, இரண்டாம் பாகம் எழுதியவர் வேறு. ஏன் வேறு? இடையில் ஆள் மாறியிருக்கலாம். மாறினால் ஏன் தப்பு வர வேண்டும்? ஷிப்ட் மாறும்போது ஹேண்டோவர் சரியாகக் கொடுக்கவில்லை. ஐந்தாவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதைக் கேம் கம்பெனிக்காரனிடம் கேட்டால்தான் தெரியும் என்றார்.

"எழுதினவன் சரியில்லன்னு போட்டுருங்கப்பா" என்றேன். எப்படியாவது அந்தத் தாளை மூடினால் போதும் என்று இருந்தது.

"வொய்-வொய்ல ஆளக் குத்தம் சொல்லக் கூடாது பாப்பா. வேலை நடக்குற முறையிலதான் என்ன கோளாறுன்னு பாக்கணும். ஆள் மேல பழி போட்டா அதோட எல்லாரும் உண்மையச் சொல்ல மாட்டாவ."

இப்படியே ஒன்பது கேள்விகள் சேர்ந்தன. கம்பெனியில் ஒரு சஜஷன் பெட்டி உண்டு. குறையைக் கண்டுபிடித்து எழுதிப்போட்டால் ஃபிளாஸ்க், டிபன் கேரியர் என்று பரிசு தருவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு ஃபிளாஸ்க் அப்படி வந்தவை. அதனால் அப்பாவுக்கு இந்த யோசனை ரொம்ப இயல்பாகத் தோன்றியது. ஒன்பதையும் இங்கிலீஷில் எழுதி கேம் கம்பெனிக்குச் சஜஷனாக அனுப்பிவிடலாம், மூன்றாம் பாகத்திலாவது திருத்திக்கொள்வார்கள்.

"கீழ உம்பேரப் போடுவோம். கண்டுபிடிச்சது நீதான?" என்றார்.

பரீட்சை வருகிறது என்றேன். பரீட்சை முடிந்ததும் தலைவலி என்றேன். அப்புறம் ஸ்கூல் ஆண்டுவிழா. அப்பா நம்பினார், வற்புறுத்தவில்லை. பிள்ளைக்கு ஏன் கஷ்டம் என்று ஒருநாள் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அவர்கள் பஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு இன்ஜினியர் வந்துகொண்டிருந்தார். கல்லூரி ஹாஸ்டலில் கேம் விளையாடியே பொழுதைக் கழித்தவர் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்கலாம் என்று எண்ணியிருக்கிறார். எனக்கு இது எதுவும் தெரியாது.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல வந்தார். சாப்பிட்டார். நான் கம்ப்யூட்டரைப் போட்டதும், "இன்னைக்கு வேண்டாம் பாப்பா, கொஞ்சம் அசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கீழ் வீட்டு அக்காவும் அங்கே இருந்தார். ராயக்கோட்டைக்காரர், அவர் வீட்டுக்காரரும் அப்பாவும் ஒரே பஸ். என்னைப் பார்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"உங்கப்பாரு நேத்து பஸ்ஸுல பண்ண கூத்து தெரியுமா? எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு" என்று ஆரம்பித்தார்.

அப்பா தாளை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எம்பொண்ணு வெளிநாட்டுக்காரன் கதையில ஒம்போது தப்புப் புடிச்சிருக்கா என்று நீட்டியிருக்கிறார். இன்ஜினியர் முதல் கேள்வியைப் படித்ததுமே சிரித்துவிட்டாராம். சார், அது சாகவே இல்லை, மலைக்குக் கீழே தூங்கப் போவதாக அதுவே சொல்கிறதே என்றிருக்கிறார். பாலக் காவல்காரன் ஆரம்பத்திலிருந்தே நல்லவன். ஏரி வேறு, குளம் வேறு. ஒவ்வொன்றாக ஒன்பதுக்கும் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாமே கேமிலேயே எழுதியிருக்கிறது என்றாராம். பின் சீட்டிலிருந்து யாரோ, "பொண்ணு இங்கிலீஷ் மீடியம்னு சொன்னீங்களேண்ணே?" என்று கேட்டிருக்கிறார்.

"அதுக்கு உங்கப்பாரு இன்னா சொன்னாரு தெரியுமா?" அக்கா கையிலிருந்த கிளிப்பைக் கூடையில் போட்டார். "பொண்ணு சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் பாதியில தூங்கித் தூங்கி வுழுந்தேன், அரகொறையாக் கேட்டு நானா எழுதிட்டேன்னாராம். பஸ்ஸே சிரிச்சுதாம். ஏம்மா, நெசமாவே தூங்கிடுவாரா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும். அப்போதும் தெரியும். ஒரு வரி போதும். இல்லக்கா, அவரு தூங்கல, எனக்குத்தான் புரியல. அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பார், அவர் பஸ்ஸில் சொல்லியிருப்பார், இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும்.

"ஆமாக்கா, குறட்டையே விடுவாரு" என்றேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். துணியை அள்ளிக்கொண்டு படியிறங்கினேன். எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், பெரிய தப்புகளும் உண்டு. ஆனால் நடுச்சாலையில் நடந்துகொண்டிருக்கும்போது திடீரென்று என்னை நிற்க வைப்பது அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அப்பா குளிக்கப் போனபோது சட்டைப்பையில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். கிழித்துப் போட்டிருக்க மாட்டாரா என்ற ஆசைதான். கிழிக்கவில்லை. கேள்விகளுக்கு நேராக ஐந்தாவது கட்டங்களைப் பென்சிலால் நிரப்பியிருந்தார். ஒன்பதிலும் ஒரே பதில். கதை கேட்டவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஆளைக் குற்றம் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன் தன் மேல் எழுதிக்கொண்டுவிட்டார். நான் தாளை அப்படியே மடித்து, இருந்த இடத்தில் வைத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அழுது, ஒப்புக்கொண்டு, அன்றே தொலைத்திருப்பேன். அவர் திட்டாததைச் சாக்காக வைத்துக்கொண்டு நானும் சும்மா இருந்தேன்.

மூன்றாம் பாகம் அடுத்த கோடை லீவில் கடைக்கு வந்தது. கேட்டதும் வாங்கித் தந்தார். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்திருந்தேன். லீவுக்கு முன்பே ஸ்கூல் லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த டிக்‌ஷனரி வாங்கி வைத்திருந்தேன். கட்டத்தில் எழுத்து வந்ததும் கேமை நிறுத்தி வைத்து, வரியை நோட்டில் எழுதி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, அர்த்தம் ஒட்டிப் பார்த்து, அப்புறம்தான் தமிழில் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் நாலு காட்சி நகர்ந்தால் அதிகம். புரியாத வரியைப் புரியவில்லை என்றே சொன்னேன். அந்தச் சொல் இப்போது எவ்வளவு சுலபமாக வந்தது!

அப்பா கூப்பிட்டால் வந்து உட்காருவார். திரையைப் பார்ப்பார். நான் சொல்வதற்கெல்லாம் "ம்" போடுவார். பாலக் காவல்காரன் செத்துப்போனான், உண்மையிலேயே செத்துப்போனான், அதற்கும் "ம்" தான். என்ன சொல்லுதான் என்று அவர் கேட்கவே இல்லை. முன்பு அவர் கேள்வியைக் கண்டாலே பயந்து செத்தவள், இப்போது ஒரு கேள்வி கேட்க மாட்டாரா என்று ஒவ்வொரு காட்சியிலும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். இரண்டாம் பாகத்தின் கடைசியில் மூன்று டிராகன்கள் ஆற்றைக் கடந்து தீவில் கரையேறும். குட்டியும், அதன் தங்கையும், ஒரு நொண்டி டிராகனும். மூன்றாம் பாகம் அதே தீவில் மறுநாள் காலையில் தொடங்குகிறது. இரண்டுதான் இருக்கின்றன. நொண்டி டிராகன் இல்லை. எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. அதைவிட மோசம், யாரும் கேட்கவும் இல்லை. கூடவே நீந்தி வந்த ஒருத்தனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எனக்குத்தான் புரியவில்லை என்று நோட்டை ஆரம்பத்திலிருந்து புரட்டினேன். டிக்‌ஷனரியோடு மறுபடி முதலிலிருந்து விளையாடினேன். பத்து நாள் ஆனது. கதை முடியும்வரை அந்த டிராகனின் பேச்சே இல்லை.

பாகலூர் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே போய் கேமின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒரு பக்கம் திறந்தது. எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதே கேள்வியைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது எங்கே? மறந்துவிட்டார்கள் என்றார் ஒருவர். அவசரத்தில் ஒரு காட்சியை வெட்டிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். கம்பெனியைக் கேட்டும் பதில் வரவில்லை என்றார் வேறொருவர். நான் அதை வரிவரியாகப் படித்தேன், முக்கால்வாசி புரிந்தது. உண்மையான ஓட்டை. நானாகவே கண்டுபிடித்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. அதை இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, மூணாவது டிராகன் எங்க போச்சுன்னு கதையில இல்லவே இல்லப்பா" என்றேன். மூச்சு வாங்கியது. "இது நெசமான ஓட்டை. நான் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டேன். எல்லா நாட்டுக்காரங்களும் கேக்குறாங்க. இதுக்கு வொய்-வொய் போடலாம்பா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தாளை நீட்டினேன். சாப்பிடாத கையால் வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்து, அடுத்த பக்கத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. முன்பு எனக்குக் காய்ச்சல் வந்தால் அந்த முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"பரவால்ல பாப்பா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். "புரியலன்னா விட்டுரு."

எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. ஆனால் இங்கிலீஷில் இருந்தது. அதை அவருக்குப் படித்துச் சொல்ல அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.